சென்னையின் மிதிவண்டி வரலாறு – 11: எதிர்காற்றின் கணக்கு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகள் அனைத்தும் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே விரிந்து கிடக்கும் சமவெளியில் அமைந்தவை. எனவே, மேடு ஏறுவதற்காக இங்கே மிதிவண்டி ஓட்டுபவர் செலவிடும் உழைப்பு மிகக் குறைவு. பரங்கிமலையை விட்டுவிட்டால் அவர் சந்திக்கும் ஏற்றங்கள் ஆற்றுப் பாலங்களும் மேம்பாலங்களும் மட்டுமே. இத்தகைய ஊரில் வண்டியின் வேகத்துக்கு எல்லை கட்டுவது பெரும்பாலும் காற்றுதான். வண்டியின் எடை, விலை, உற்பத்தி ஆகியவற்றை முந்தைய பகுதிகளில் கண்டோம். காற்றின் தடையைக் குறைக்க உலகம் எடுத்த முயற்சிகளில் எவை சென்னைச் சாலைகள் வரை வந்து சேர்ந்தன, எவை வழியிலேயே நிறுத்தப்பட்டன, அவற்றை நிறுத்தியவர்கள் யார் என்பது இப்பகுதியின் பொருள்.

சமதளத்தில் சீரான வேகத்தில் செல்லும் மிதிவண்டியை எதிர்ப்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது உருளல் தடை. டயர் தரையில் அழுந்தி உருமாறி மீளும்போது இழக்கப்படும் ஆற்றலிலிருந்து பிறக்கும் இத்தடை, வேகம் கூடினாலும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். இரண்டாவது காற்றுத்தடை: வண்டியும் அதன் மேல் அமர்ந்தவரும் முன்னிருக்கும் காற்றை விலக்கிச் செல்லும்போது முன்புறத்தில் அழுத்தம் கூடுகிறது, முதுகுக்குப் பின்னால் காற்று ஒட்டாமல் பிரிந்து சுழல்களாக உடைவதால் அங்கே அழுத்தம் குறைகிறது, இந்த வேறுபாடு ஓட்டுபவரைப் பின்னோக்கி இழுக்கிறது. இந்த இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ, அதாவது ஒரு விநாடியில் செய்ய வேண்டிய வேலையோ, எட்டு மடங்காகிறது. தடையின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: காற்றின் அடர்த்தி, எதிரே நின்று பார்த்தால் உடலும் வண்டியும் மறைக்கும் முகப்புப் பரப்பு, அந்த வடிவம் காற்றை எவ்வளவு ஒழுங்காக வழியவிடுகிறது என்பதைக் குறிக்கும் இழுவைக் கெழு. இவற்றில் கடைசி இரண்டையும் பெருக்கி வரும் எண்ணை இழுவைப் பரப்பு எனலாம். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் ஒருவருக்கு அது ஏறத்தாழ 0.6 சதுர மீட்டர். வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்தால் 0.32 அளவுக்கு இறங்கும். தனிநபர் நேரப்போட்டியில் முழங்கைகளை ஒடுக்கி முதுகைத் தட்டையாக்கும் தேர்ந்த வீரருக்கு 0.24க்கும் கீழே செல்லும். இந்தத் தடையில் முக்கால் பங்கு அளவுக்கு ஓட்டுபவரின் உடலாலேயே உண்டாகிறது என்பதும், வண்டியின் பங்கு எஞ்சியது மட்டுமே என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை.

இந்த எண்களைச் சென்னையின் காற்றோடு பொருத்தினால் அவற்றின் கனம் விளங்கும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எடை எனக் கொண்டால், காற்றில்லாத நேரத்தில் நிமிர்ந்து அமர்ந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல அவருக்குச் சுமார் 45 வாட் போதும். அந்த வேகத்தில் உருளல் தடையும் காற்றுத்தடையும் ஏறத்தாழ சமமாகவே இருக்கும். அதே மனிதர் அதே வேகத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்றுக்குள் செல்ல வேண்டுமானால் 120 வாட் தேவைப்படும். பெரும்பாலானோரால் நெடுநேரம் அவ்வாறு மிதிக்க இயலாது என்பதால் நடைமுறையில் வேகம்தான் குறைகிறது. அலுவலகம் சென்று திரும்பும் ஒருவர் களைப்பின்றிக் கொடுக்கக்கூடிய 60 வாட் அளவிலேயே மிதித்தால், அமைதியான காற்றில் மணிக்கு 17 கிலோமீட்டர் செல்பவர் இந்த எதிர்காற்றில் 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவார். அவர் முழங்கைகளை மடக்கி, உடலை முன்னே சாய்த்து, இழுவைப் பரப்பை 0.42 ஆக்கினால் அதே உழைப்புக்கு 12 கிலோமீட்டர் கிடைக்கும். 5 கிலோமீட்டர் பயணத்தில் 5 நிமிடம் மிச்சமாகும். காற்றியல் என்பது பந்தய வீரரின் ஆடம்பரம் என்ற பரவலான எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இந்த ஐந்து நிமிடமே காட்டுகிறது.

நகரத்தின் காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கோடையிலும் தென்மேற்குப் பருவக்காலத்திலும் பெரும்பாலான நாட்களில் நண்பகலையொட்டியோ அதற்குப் பின்போ இது தொடங்கி மாலை வரை நீடிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை வேளைகளில் வீசுவதோ மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. மயிலாப்பூரில் குடியிருந்து தியாகராய நகரில் வேலை பார்ப்பவர் காலையில் மேற்கு நோக்கிச் செல்லும்போது மேற்குக் காற்றையும், மாலையில் கிழக்கு நோக்கித் திரும்பும்போது கடற்காற்றையும் எதிர்கொள்கிறார். தியாகராய நகரில் குடியிருந்து மயிலாப்பூருக்கு வேலைக்குச் செல்பவருக்கு இரு வேளையும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. தூரமும் சாலையும் ஒன்றாக இருந்தும், ஆண்டின் நான்கு மாதங்களில் இந்த இருவரின் களைப்பும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆனால் வானிலை நிலையம் அறிவிக்கும் காற்றின் வேகம் அப்படியே சாலையில் கிடைப்பதில்லை. தரையையும் கட்டடங்களையும் மரங்களையும் உரசி வருவதால் காற்று தரைக்கு அருகே மெதுவாகவும் மேலே செல்லச் செல்ல வேகமாகவும் வீசுகிறது. இவ்வாறு தரையின் பாதிப்புக்கு உட்பட்ட காற்றடுக்குக்கு வளிமண்டல எல்லைப்படலம் என்று பெயர். அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்கும் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இந்த எல்லைப்படலத்தைச் செயற்கையாக உருவாக்கும் காற்றுச்சுரங்கம் ஒன்று உள்ளது. கோபுரங்கள், புகைபோக்கிகள், உயர்ந்த கட்டடங்கள் ஆகியவற்றின் மீது காற்று செலுத்தும் விசையை அறிய அது பயன்படுகிறது. வானிலை நிலையங்கள் 10 மீட்டர் உயரத்தில் காற்றை அளக்க, மிதிவண்டி ஓட்டுபவரின் மார்பு தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்தவெளியிலேயே அவருக்குக் கிடைப்பது அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஒரு பகுதிதான். உஸ்மான் சாலையின் அடர்ந்த கட்டட வரிசைகளுக்கு இடையே அது மேலும் தளர்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையின் திறந்த இடங்களிலும், லஸ் பக்கமிருந்து நேரே கடலை நோக்கிச் செல்லும் கச்சேரி சாலையின் கீழைக் கோடியிலும், பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையிலும் தடுப்பின்றி முழு வலிமையோடு வந்து மோதுகிறது.

இந்தக் காற்றில் பல தலைமுறைகள் ஓட்டிய வண்டி எத்தகையது என்பது அடுத்து எழும் கேள்வி. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் முதலிய பெயர்களில் வெளியிட்ட கருப்பு வண்டிகள் ஆங்கிலேய ரோட்ஸ்டர் மரபைச் சேர்ந்தவை. பெரிய சக்கரங்கள், உடலை நிமிர்த்தும் உயர்ந்த கைப்பிடி, முழுச் செயின் கவர், டைனமோ, பின்னால் கனத்த கேரியர் என்று அமைந்த அவ்வண்டி பால் கேனும் அரிசி மூட்டையும் இளநீர்க் குலையும் சுமப்பதற்கும், வேட்டி கட்டியவர் வசதியாக அமர்வதற்கும், மோசமான சாலையில் பல்லாண்டு உழைப்பதற்கும் மிகப் பொருத்தமானது. அதன் பெரிய சக்கரம் பள்ளங்களில் எளிதாக உருண்டது. காற்றின் பார்வையில் மட்டும், விரிந்த தோள்களும் நிமிர்ந்த மார்பும் படபடக்கும் சட்டையுமாக, தடை எவ்வளவு கூட முடியுமோ அவ்வளவு கூட்டும் அமைப்பு அது. 1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டுச் சாலைகளில் பரவலாகக் காணப்பட்ட பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற வண்டிகள் தோற்றத்தில் மெலிந்து எடையில் குறைந்தன என்றாலும், ஓட்டுபவரின் அமர்வு பெரிதும் மாறவில்லை.

வேகமான வண்டி என்றால் எடை குறைந்த வண்டி என்ற நம்பிக்கை வாங்குபவரிடமும் விற்பவரிடமும் இன்றுவரை வேரூன்றியிருப்பதால், அதையும் ஒருமுறை அளந்து பார்ப்பது தகும். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல நிமிர்ந்து அமர்ந்தவருக்குச் சுமார் 240 வாட் தேவை. வண்டியின் எடையை 3 கிலோகிராம் குறைத்தால் அதில் மிச்சமாவது ஒன்றரை வாட். வண்டியை மாற்றாமல் வளைந்த கைப்பிடியைப் பொருத்திக் குனிந்தால் மிச்சமாவது 90 வாட். மேம்பாலம் ஏறும்போது எடை தன் பங்கைக் கேட்கும் என்பது உண்மையே. ஆனால் 1973இல் திறக்கப்பட்ட ஜெமினி மேம்பாலத்தின் ஏற்றத்தை 6 மீட்டர் என வைத்துக்கொண்டாலும், அந்த 3 கிலோகிராமை மேலே தூக்குவதற்கு ஆகும் கூடுதல் வேலை, 90 வாட் அளவில் மிதிப்பவரின் இரண்டு விநாடி உழைப்பே. கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ ஏறுபவர் எடையைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் உண்டு; அடையாற்றில் ஓட்டுபவர் அதற்காகப் பெரும்பணம் செலவழிப்பதற்கு இயற்பியலில் ஆதாரம் மிகச் சிறிது.

காற்றே முதன்மைத் தடை என்பது உலகில் மிக முன்னரே தெரிந்திருந்தது. பிற்காலத்தில் பிரான்சு நாட்டுச் சுற்றுப்பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு, 1893 மே 11 அன்று பாரிசின் புஃபலோ ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி முதல் அதிகாரபூர்வ ஒரு மணிநேரச் சாதனையை நிறுவினார். யாருடைய மறைவும் இன்றித் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டும் இச்சாதனை, மனிதருக்கும் காற்றுக்கும் இடையிலான நேரடி அளவுகோலாக அன்றுமுதல் விளங்கிவருகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து 1899 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில், தண்டவாளங்களுக்கு இடையே பலகை பாவிய பாதையில் ரயில் பெட்டிக்குப் பின்னால் ஓட்டிய சார்லஸ் மர்பி ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடிகளில் கடந்தார். காற்றை வேறொன்று விலக்கிக் கொடுத்தால் மனிதக் கால்கள் எவ்வளவு வேகம் தரக்கூடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று வேறில்லை. 1913இல் எத்தியென் புனோ-வரிலா என்ற பிரெஞ்சுக்காரர் வண்டியையும் ஓட்டுபவரையும் மூடும் மீன்வடிவ உறைக்குக் காப்புரிமை பெற, அத்தகைய உறை பொருத்திய வண்டியில் மார்செல் பெர்த்தே அந்நாள்வரை காணாத வேகங்களை எட்டினார். அடுத்த ஆண்டே உலக மிதிவண்டி ஓட்டுநர் சங்கம் காற்றைக் குறைக்கும் உறைகளைப் போட்டிகளிலிருந்து விலக்கியது.

இந்த வரலாற்றின் திருப்புமுனை 1933ஆம் ஆண்டு. ஷார்ல் மோஷே என்ற பிரெஞ்சுக் கைவினைஞர், ஓட்டுபவர் நாற்காலியில் சாய்ந்தவாறு கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வெலோகார் என்ற இருசக்கர வண்டியைச் செய்திருந்தார். அதில் உறை எதுவும் இல்லை. உடல் தாழ்ந்து படுத்திருப்பதால் முகப்புப் பரப்பு குறைந்தது என்பதே அதன் இரகசியம். முதல்தர வீரர்களின் வரிசையில் வைத்து எண்ணப்படாத பிரான்சிஸ் ஃபோர் அவ்வண்டியில் ஏறி, 1933 ஜூலை 7 அன்று பாரிசில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் யாராலும் தாண்ட முடியாதிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று சரிந்தது. அடுத்த மாதமே மரபான வண்டியில் மொரீஸ் ரிஷார் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். எது சாதனை, எது மிதிவண்டி என்ற கேள்வி உலக மிதிவண்டி ஓட்டுநர் சங்கத்தின் முன் வந்தது. சங்கம் மிதிவண்டியின் வடிவத்தையே விதியால் வரையறுத்தது. இருக்கைக்கும் பெடல் அச்சுக்கும் இடையே இருக்க வேண்டிய நிலை குறிக்கப்பட்டது, சாய்ந்து ஓட்டும் வண்டிகள் பந்தயத்திலிருந்து நீங்கின. அவ்விதி 1934 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் மோஷே காலமானார். ஃபோர் பின்னர் உறையிட்ட வெலோகாரில் 1939இல் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைக் கடந்தபோது அதைப் பதிவுசெய்யும் இடம் அதிகாரபூர்வ ஏட்டில் இல்லை.

பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட இந்த விதி பந்தயத்தோடு நின்றிருந்தால் அதைப் பெரிதாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் பந்தய வண்டியைப் பார்த்தே தொழிற்சாலைகள் தம் வடிவங்களைத் தேர்ந்தன, காலனி நாடுகள் அத்தொழிற்சாலைகளின் வடிவங்களையே பெற்றன. அம்பத்தூரில் உற்பத்தி தொடங்கியபோது மிதிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. சாய்வண்டி சென்னை நெரிசலுக்கு முழுவதும் ஏற்றது என்று சொல்ல முடியாது: தாழ்வாக இருப்பதால் பேருந்து ஓட்டுநரின் கண்ணில் எளிதில் படாது, காலூன்றி நின்று மீண்டும் புறப்படுவதும் கடினம். ஆயினும், ஆராய்ந்து ஒதுக்குவதற்கும் ஆராயும் வாய்ப்பே இல்லாமல் போவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. கடற்கரையோரச் சமவெளி நகரம் ஒன்றில் எதிர்காற்றோடு நாள்தோறும் போராடிய தொழிலாளருக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு வடிவம், பாரிசுப் பந்தயக்காரர்களின் தகராறில் வளர்ச்சியற்றுப் போனது பெரும் இழப்பு என்றே கருத வேண்டும்.

இதே காலத்தில் காற்றைப் பற்றிய அறிவியல் வேறு பாதையில் வேகமாக வளர்ந்தது. நகரும் பொருளின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கே தடையின் திறவுகோல் என்பதை ஜெர்மானிய அறிஞர் லூட்விக் பிராண்டல் 1904இல் எடுத்துரைத்தார். அந்த அடுக்கு எங்கே மேற்பரப்பைவிட்டுப் பிரிகிறது என்பதைப் பொறுத்தே பின்னால் உருவாகும் சுழல்களின் அகலமும் இழுவையும் அமைகின்றன. உருண்டையான பொருளின் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால், குறிப்பிட்ட வேக எல்லைக்குள், அடுக்கு கொந்தளித்து மேற்பரப்போடு இன்னும் சிறிது தூரம் ஒட்டிச் சென்று இழுவையைக் குறைக்கும் என்பது இவ்வறிவின் வியப்பான பயன்களுள் ஒன்று. சேப்பாக்கத்தில் வேகப்பந்து வீச்சாளர் தையலைச் சாய்த்துப் பிடித்துப் பந்தை விலகச் செய்வதும், பந்தய வீரர் தோளிலும் கையிலும் வரிவரியான துணி அணிவதும் ஒரே விதியின் இரு செயல்கள்.

இந்த அறிவு சென்னைக்கு வான்வழியாக வந்தது எனலாம். சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் தொடக்கத்திலேயே விமானப் பொறியியலைக் கற்பித்தது, ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் பயின்றது அங்கேதான், ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் 1950களில் பணியாற்றியதும் அங்கேதான். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் கிண்டி வனத்தையொட்டித் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இத்துறை வளர்ந்தது. அக்கழகத்தின் மாணவர்கள் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் நீளத்தில் அமைந்த ஹைப்பர்லூப் சோதனைக் குழாயில், தடையைக் குறைப்பதற்காகக் காற்றையே வெளியேற்றிவிடும் முறையைச் சோதிக்கின்றனர். கிண்டி வளாகத்துக்குள் மாணவர்கள் விடுதியிலிருந்து வகுப்புக்குப் போவதோ பெரும்பாலும் மிதிவண்டியில். விமானத்துக்கும் குழாய் வண்டிக்கும் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கு, நகரத்தின் மிதிவண்டிக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த அக்கறை அமெரிக்காவில் 1970களில் பிறந்தது. கலிபோர்னியப் பேராசிரியர் செஸ்டர் கைல், வண்டியை மிதிக்காமல் தானாக உருளவிட்டு வேகம் எவ்வாறு குறைகிறது என்பதை அளந்து, தடையின் பகுதிகளைத் தனித்தனியே கணக்கிட்டார். 1975 ஏப்ரல் 5 அன்று இர்விண்டேலில் எவ்வித வடிவக் கட்டுப்பாடும் இல்லாத மனித ஆற்றல் வண்டிகளின் போட்டி நடைபெறவும் அவர் காரணமானார். அந்த மரபின் உச்சமாக, முழுதும் உறையிட்ட வண்டி ஒன்றில் கனடாவின் டாட் ரைக்கெர்ட் 2016 செப்டம்பரில் நெவாடா மாநிலச் சாலையில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அவ்வண்டியை நகர்த்தியது அவருடைய கால்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

விதிகளுக்கு உட்பட்ட பந்தயத்திலும் காற்றியல் மெல்ல நுழைந்தது. 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் பிரான்செஸ்கோ மோசர் மூடிய தட்டுச் சக்கரங்களோடு 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். 1989 பிரான்சுச் சுற்றுப்பந்தயத்தின் கடைசி நாளில், முன்னே நீண்ட கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றி ஓட்டிய கிரெக் லெமாண்ட், 24.5 கிலோமீட்டரில் 50 விநாடிப் பின்னடைவை ஈடுகட்டி 8 விநாடி வேறுபாட்டில் வென்றார். குனிந்த உடலின் மதிப்பை உலகம் முழுவதும் ஒரே நாளில் கண்டுகொண்டது. ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி, சலவை இயந்திரத்தின் பேரிங்கை வைத்துத் தானே செய்த வண்டியில், கைகளை மார்புக்குக் கீழே மடக்கிவைத்து 1993 ஜூலையில் 51.596 கிலோமீட்டர் ஓட்ட, ஒரு வாரத்திலேயே கிறிஸ் போர்டுமன் அதை முறியடித்தார்; மறு ஆண்டு ஓப்ரியின் அமர்வு தடைசெய்யப்பட்டது. வண்டிச் சட்டகத்தின் மேல்குழாயில் உட்கார்ந்து இறக்கத்தில் பாயும் முறை 2021 ஏப்ரலில் விலக்கப்பட்டது. காலுறையின் உயரத்துக்கும் விதி வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தன் உடலைக் காற்றுக்கு ஏற்ப மாற்றும் வழியைக் கண்டுபிடிக்கிறார், சங்கம் கோட்டை மறுபடி வரைகிறது. 2022 அக்டோபர் 8 அன்று பிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தில் நிறுவிய 56.792 கிலோமீட்டர் இந்தக் கோடுகளுக்கு உள்ளேயே எட்டப்பட்டது.

இவற்றில் சென்னைக்கு முழுமையாக வந்து சேர்ந்தது, கருவி எதுவும் தேவைப்படாத ஒன்று: ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓட்டுவது. முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னே உண்டாகும் குறையழுத்தப் பகுதிக்குள் இருப்பவருக்குக் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது; நெதர்லாந்தில் பெர்ட் பிளாக்கன் குழு 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தை வைத்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூட்டத்தின் ஆழத்தில் இருப்பவருக்குத் தனியாக ஓட்டும்போது உள்ள தடையில் 5 முதல் 10 சதவீதமே மிஞ்சுகிறது. திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடியலுக்கு முன் புறப்படும் சென்னையின் மிதிவண்டிக் குழுக்கள் முன்னிலை மாறி மாறி எடுத்து ஓட்டுவது இதன் பயன்பாடே. நெடுந்தூரப் பயணங்களை நடத்தும் மெட்ராஸ் ராண்டனர்ஸ் போன்ற அமைப்புகளின் 200 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க முனைபவருக்கு இது பெருந்துணை. மாநகரப் பேருந்தின் அல்லது லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டும் இளைஞர்களும் அறியாமல் இதே விதியைத்தான் கையாள்கின்றனர். அவர்களுக்கு முன்னால் உள்ளதோ மர்பிக்கு அமைந்ததுபோல் ஆயத்தமாக்கப்பட்ட பாதை இல்லை; முன்னறிவிப்பின்றிப் பிரேக் போடும் வாகனம். எனவே அச்செயல் எக்காலத்திலும் பாதுகாப்பானதாகாது.

கடற்கரைச் சாலை ஏறத்தாழ வடக்கு-தெற்காகச் செல்வதால் பருவங்கள் அதன் மேல் வெவ்வேறு வகையில் செயல்படுகின்றன. மார்ச் முதல் மே வரை தெற்கிலிருந்து வீசும் காற்றில் போகும் வழி கடினம், திரும்பும் வழி எளிது. வடகிழக்குப் பருவக்காற்றில் இது தலைகீழாகிறது, களைத்துத் திரும்பும் வேளையில் காற்று முகத்தில் அறைகிறது. வெயில் ஏறியபின் கடலிலிருந்து வருவது பக்கக்காற்று. இரு பக்கமும் தடுப்பின்றி நீர்ப்பரப்பு விரிந்திருக்கும் முட்டுக்காட்டுப் பாலத்தில், வேகத்துக்காகப் பொருத்தப்படும் உயர்ந்த விளிம்புச் சக்கரங்கள் பாய்மரமாகி முன்சக்கரத்தைத் திருப்புகின்றன. பக்கக்காற்றில் மறைவு பெற வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வரிசையாக ஓட்ட வேண்டும் என்பது ஐரோப்பியப் பந்தயங்களின் நடைமுறை. வேகமாகக் கார்கள் கடக்கும் இச்சாலையில் அது ஆபத்து என்பதால், இங்குள்ளவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாகவே சென்று அந்த நன்மையைத் துறக்கின்றனர்.

சென்னைக் காற்றுக்கு மறைவான ஒரு சாதகமும் உண்டு. மோசர் மெக்சிகோ நகரைத் தேர்ந்ததற்குக் காரணம், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது. வெப்பமும் ஈரப்பதமும் கூடக் காற்றை இலேசாக்குகின்றன. நீராவி உலர்காற்றைவிட இலேசானது என்பதால், புழுக்கமான காற்று கனமானது என்ற பொதுவான உணர்வு அறிவியலுக்கு மாறானது. 32 பாகை செல்சியஸ் வெப்பமும் மிகுந்த ஈரமும் உள்ள சென்னைக் காற்று, 15 பாகை உலர்காற்றைவிடச் சுமார் 7 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதே உழைப்புக்கு அது 2 சதவீத அளவுக்குக் கூடுதல் வேகம் தரும். ஆனால் வியர்வை ஆவியாகாத அதே ஈரக்காற்றில் உடலின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உழைப்பே தளர்வதால், காற்று கொடுத்ததை வெப்பம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. துளைகளற்ற காற்றியல் தலைக்கவசத்தைச் சென்னையில் நீண்ட நேரம் அணிவது அறிவுடைமையாகாததும் இதனால்தான்.

2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில், மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஓடுதளத்தில் மிதிவண்டிப் பந்தயங்கள் நடந்தன. இத்தகைய தளத்தில் பயிலும் இளையோருக்கு அடுத்துத் தேவைப்படுவது தம் உடலின் இழுவைப் பரப்பை அளக்கும் வழி. அதற்குக் காற்றுச்சுரங்கம் இன்றியமையாதது என்ற நிலை இப்போது இல்லை. மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டும் கருவியைப் பெடலிலோ கிராங்கிலோ பொருத்தி, ஒரே தடத்தில் பல சுற்றுகள் ஓட்டி, திறனுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பிலிருந்து இழுவைப் பரப்பைக் கணித்தெடுக்கும் முறையை அமெரிக்கரான ராபர்ட் சங் 2000களில் முன்வைத்தார். கைப்பிடியை 2 சென்டிமீட்டர் இறக்குவது, முழங்கைகளை நெருக்குவது, சட்டையை மாற்றுவது ஆகியவற்றின் பலனை இம்முறையில் தனித்தனியே அறியலாம். மேடுபள்ளமற்ற பாதை, காற்று அசையாத நேரம், கடந்து செல்லும் வாகனங்களின் இழுப்பு குறுக்கிடாமை ஆகிய மூன்றும் இதற்கு வேண்டும். முதலாவதைச் சென்னை எங்கும் தருகிறது. இரண்டாவது, தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று தொடங்காத இடைவேளைகளில் கிடைக்கிறது. மூன்றாவதற்குத்தான் பொதுச்சாலை இடம் தருவதில்லை. கல்வி நிறுவன வளாகங்களின் உட்சாலைகளையும் மேலக்கோட்டையூர் ஓடுதளத்தையும் குறித்த நேரங்களில் பயிற்சியாளர்களுக்குத் திறந்துவிட்டால் அதுவும் கிடைத்துவிடும்.